தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர்

பங்குனி பிறந்து, அடுப்படியில் தான் வளர்க்கிற செடியின் அடி இலை மஞ்சள் தட்டியதும் வேணி அக்கா பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிடும், பிறகு போர்வையெல்லாம் துவைத்து வெயிலில் போடும், தலையணைக்கு உறை மாற்றும், கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் காலண்டரில் எழுதி வைக்கும், கடைசியாக என் மில்லுக்கு வந்து வீட்டுக்காரர் சாருக்கு ஆறு மாசத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் அரைத்து வாங்கிக்கொண்டு, வரட்டுமா பிலோமி, ஐப்பசியில பாக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகும். செடியின் தண்டு முழுக்கக் காய்ந்து சாய்கிற அன்றைக்கு அக்கா படுத்துக்கொள்ளும். மண்ணுக்குள்ளே கிழங்கு தூங்குகிறவரைக்கும் வீட்டுக்குள்ளே அக்காவும் தூங்கும். ஏற்காட்டில் எங்கள் தெருவுக்கு இது நாலு வருஷத்துப் பழக்கம்.

நான் பிலோமினா, தெருமுனையில் மாவு மில் வைத்திருக்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும், நாள் முழுக்க மில் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகினவளுக்கு அடக்கமாகப் பேச எங்கே வரும். இந்தக் கதையில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்கப் போவதில்லை, அதற்கான இடம் வரும்போது சொல்கிறேன்.

வேணி அக்காவின் முழுப்பெயர் அம்சவேணி. அதன் வீட்டுக்காரர் தணிகாசலம் சார் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்துக் கசாமா என்கிற ஊரில் பத்தொன்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பிள்ளை குட்டி இல்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது எல்லாரும் எதை எதையோ கொண்டுவர, அக்கா பவுடர் டப்பாவில் மூன்று கிழங்கும், பிஸ்கட் டின்னில் அந்த ஊர் மண்ணும் கொண்டுவந்தது. அந்த ஊரில் மழைக்காலத்துச் சதுப்புப் புல்வெளியில் மட்டும் முளைக்கிற ஒரு ஆர்க்கிட் அது. நம் மலையில் மரத்தைக் கட்டிக்கொண்டு வளர்கிற ஜாதி கிடையாது, தரையில் வேர்விட்டு, தரையிலிருந்தே நிமிர்ந்து நிற்கிற ஜாதி. அங்கே பெண்கள் அந்தக் கிழங்கைத் தோண்டியெடுத்து இடித்து, வேர்க்கடலைப் பொடியோடு கிண்டி, வில்லை போட்டுச் சந்தையில் விற்பார்களாம், தோண்டித் தோண்டியே இப்போது கிழங்கு கிடைப்பது அரிதாகிவிட்டதாம். அக்கா சந்தையில் வாங்கி வந்த கூறில் மூன்றை மட்டும் சமைக்க மனசு வராமல் எடுத்து வைத்ததாம். மூன்றில் இரண்டு இங்கே வந்து அழுகிப்போயின. மூன்றாவது கிழங்கு மார்கழியில் பூத்தது, முழங்கை நீளத் தண்டில் முப்பது நாற்பது பூ, இளஞ்சிவப்பும் காவியும் கலந்த நிறம், பூவுக்குப் பூ பின்னால் ஒரு குட்டி வால்.

அதை வளர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், ஆகாது, மழைத்தண்ணீரைப் பிடித்து டிரம்மில் வைத்திருந்து அதைத்தான் ஊற்ற வேண்டும். மண்சட்டிதான் ஆகும், பிளாஸ்டிக் ஆகாது. மணலும் இலைமக்கும் சலித்துக் கலந்தாலும் சொந்த ஊர் மண் ஒரு பிடி கட்டாயம் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை அந்த மண்ணில் இருக்கிறது, அதுதான் வேருக்குச் சோறு ஊட்டுகிற தாய். எல்லாவற்றுக்கும் மேலே, அது தூங்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. வளர்க்கிறவர்கள் அந்தச் செடியைப் பட்டினி போட்டுக் கொல்வதைவிட, பாவம் காய்கிறதே என்று தண்ணீர் ஊற்றிக் கொல்வதுதான் அதிகம் என்று அக்கா சொல்லும்.

முதல் வருஷம் அக்கா படுத்தபோது தெருவே பதறித்தான் போனது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து நாடி பிடித்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, நிமிஷத்துக்கு நாலு மூச்சு விடுகிறதை எண்ணி, ஆள் நல்லாத்தான் இருக்காங்க, தூங்கறாங்க, அவ்வளவுதான், எழுப்பாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். சோறு தண்ணி கேட்கவில்லை, நகம் வளரவில்லை, உடம்பு இளைக்கவில்லை. ஒரு வாரம் நான் மில்லை ஓட்டவில்லை, ஜீப் ராஜப்பன் அண்ணன் அந்த வீட்டுப் பக்கம் வந்தாலே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சரிவில் உருட்டிக்கொண்டு போனார். அப்புறம், இட்லிக்கு ஊறப்போட்டதை எத்தனை நாள் கையில் அரைப்பது என்று தெருப் பெண்கள் சண்டைக்கு வந்ததில் நான் மில்லைப் போட்டேன், அக்கா அசையக்கூட இல்லை. சித்திரையில் தேர்தல் வந்தது, இரண்டு கட்சிக்காரர்களும் வந்து எந்த மாசம் எழுந்திருப்பாங்க என்று விசாரித்து நோட்டில் குறித்துக்கொண்டு போனார்கள். ரேஷன் கடைக்காரர் ரேகை மிஷினை வீட்டுக்கே தூக்கி வந்து, தூங்குகிற கட்டைவிரலை மெதுவாக எடுத்து வைத்துப் பார்த்தார், பச்சை விளக்கு எரிந்தது, அதோடு அரசாங்கமும் ஒத்துக்கொண்டதாக ஆயிற்று.

அதற்குப் பிறகு தெரு அதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டது. அக்கா தூங்குவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பெண் வீட்டார் அவசரப்படுத்துவார்கள், அக்கா எழுந்த பிறகு தருகிறேன் என்று சீட்டுக்காரி தவணை சொல்லுவாள். மத்தியானத்தில் வேலை முடிந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முழித்திருக்கிற யாரிடமும் சொல்ல முடியாததை அக்காவின் காதுக்குப் பக்கத்தில் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். தையல்கடை ஜமீலா போனாள், நானும் போனேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன், அது அக்காவுக்கும் எனக்கும்.

எழுந்த பிறகுதான் ஒன்று தெரியவந்தது. அந்தக் கிழங்கு வருஷா வருஷம் தனக்குப் பக்கத்தில் ஒரு புதுக்கிழங்கை வைக்கும், தன்னிடம் இருப்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குக் கொடுத்துவிட்டு வெறும் தோலாகச் சுருங்கிப்போகும். மழைக்கு முளைப்பது புதுசுதான், பழசு இல்லை. அக்காவும் அப்படியே எழுந்தது, பழைய ஆளிடமிருந்து கொஞ்சம் வராமலே போயிற்று. முதல் வருஷம் காப்பியை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தது, நாளைக்கு நாலு தடவை காப்பி குடித்த மனுஷி. ரவிக்கையைக் கெடுத்துவிட்டாள் என்று ஜமீலாவோடு இரண்டு மாசமாகப் பேசாமல் இருந்ததும் மறந்துபோயிற்று, அதில் ஜமீலாவுக்கு ஏக சந்தோஷம். இரண்டாம் வருஷம் புரட்டாசிப் புயலில் ஜன்னல் கொக்கி கழன்று, சாரல் அடித்துச் சட்டி நனைந்து, அக்கா மூன்று வாரம் முன்னாடியே எழுந்துகொண்டது, ராஜப்பன் அண்ணன் பெயரைத் தவிர வேறெதுவும் தொலையவில்லை. மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. கார்த்திகை கடைசியில்தான் அக்கா கண் விழித்தது. கூடத்துக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, இந்தக் கல்யாணத்துக்கு நாம போயிருந்தமா?" என்று கேட்டது.

"போயிருந்தோம் வேணி," என்றார் சார். "சாப்பாடு நல்லா இருந்துச்சு."

அன்றைக்கு அவர் என் மில்லுக்கு வந்து, கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து, மில் ஓடுகிற சத்தத்தில் அழுதார். சீக்கிரம் எழுந்தால் குறைவாகத் தொலைகிறது, தாமதமானால் நிறையத் தொலைகிறது, இது கணக்கு வாத்தியாருக்கு ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இந்தத் தடவை கல்யாணம் போயிற்று என்றால் அடுத்தது என்ன போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அடுத்த தடவ நான் போயிருவேன் பிலோமினா," என்றார். முப்பத்தொரு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் கடல் தாண்டி, ஒன்றாகத் திரும்பி வந்தவளின் கண்ணுக்கு யாரோ ஒரு ஆளாகப் போய்விடுவோம் என்கிற பயம் அந்த மனுஷரை அந்த வருஷம் முழுக்க அரித்தது.

நாலாம் வருஷம் அக்கா படுப்பதற்கு முன்னால் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னது. "ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. என்னய எழுப்பறேன்னு நெனச்சுக்கிட்டு அதக் கொன்னு போட்ராதீங்க." சார் தலையாட்டினார். நாங்களும் தலையாட்டினோம்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். வைகாசியில் ரேடியோவில், இந்த வருஷமும் மழை தள்ளிப்போகும் என்றார்கள். சார் சவரம் செய்வதை விட்டுவிட்டார், சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தார், அடுப்படி மேடையில் சட்டி மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் அக்காவைப் பார்க்கப் போன நான், யாரும் இல்லையே என்று ஒரு சொம்புத் தண்ணீரை அந்தச் சட்டியில் ஊற்றினேன். புரட்டாசியில் சாரல் பட்டு எழுந்ததே, அதே மாதிரி ஒரு சொம்பில் சீக்கிரம் எழுந்துவிட்டால் அந்த மனுஷர் தப்பித்துக்கொள்வாரே என்றுதான் ஊற்றினேன். ஒரே ஒரு சொம்பு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதற்காக அது நல்ல காரியமாகிவிடாது. கிழங்கு தானாக விழிக்கப் பார்க்கிற புரட்டாசியும், ஆழ்ந்து தூங்குகிற வைகாசியும் ஒன்றா என்று யோசிக்க எனக்குப் புத்தி இல்லாமல் போயிற்று.

ஆடி பிறந்ததும் அந்த வீட்டில் ஒரு வாடை வந்தது, அழுகின உருளைக்கிழங்கு வாடை. அதே நாள் அக்காவுக்கு உடம்பு சுட்டது, விரல் நுனியெல்லாம் கறுத்தது, நிமிஷத்துக்கு நாலு மூச்சு இரண்டாயிற்று. டாக்டரம்மா ஓடிவந்து பார்த்து, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே, இவங்களுக்கு மருந்து என் பையில இல்ல, அந்தச் சட்டியிலதான் இருக்கு என்று சொன்னார். சார் சட்டியைத் தொட்டார், அது கீழே வரைக்கும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. யார் ஊற்றியது என்று அவர் கேட்கவில்லை, என்னால்தான் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை, நான் ஒரு சொம்பு ஊத்தினேன் சார் என்று சொல்லிவிட்டேன். உடனே ஜமீலா தானும் ஒரு சொம்பு என்றாள். ராஜப்பன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, ஜீப் ரேடியேட்டருக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் என்றார். பால்காரர், ரேஷன் கடைக்காரர், சீட்டுக்காரி, எதிர்வீட்டு மாமியார், அதற்குத் தெரியாமல் மருமகள், எல்லாரும் ஆளுக்கு ஒரு சொம்பு, ஆளுக்கு ஒரு நாள், தான் ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறோம். ஒரு தெருவின் பாசம் முழுக்க அந்தச் சட்டியில் தேங்கி நின்றது.

சார் எல்லாரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மொதோ சொம்பு என்னோடது," என்றார். "சித்திரையிலயே ஊத்திட்டேன்."

அவர் பழைய பேப்பரை விரித்துச் சட்டியைக் கவிழ்த்தார். இரண்டு கிழங்கு இருந்தன. பழசு கறுத்து, கனிந்த வாழைப்பழம் மாதிரி கொழகொழவென்று இருந்தது. பக்கத்தில் புதுசு, என் கட்டைவிரல் அளவு, வெள்ளையாக, இன்னும் கெடாமல் இருந்தது. இரண்டையும் நூல் தடிமனில் ஒரு வேர் சேர்த்துப் பிடித்திருந்தது, அழுகல் அந்த வேரில் பாதிதூரம் வந்திருந்தது. மழைவரைக்கும் விட்டால் பழசில் மிச்சமிருக்கிற எல்லாம் மெல்ல மெல்லப் புதுசுக்கு வந்து சேரும், ஆனால் அழுகலும் கூடவே வரும். இப்போதே வெட்டினால் புதுசு பிழைக்கும், அதுவரைக்கும் வந்தது வந்தது, வராதது வராமலே போகும். இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சார் என்னிடம் பட்டைப்பொடி கேட்டார். வெட்டின இடத்தில் பட்டையை இடித்துப் பூசினால் அழுகல் ஏறாது என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்ததாம். மில்லுக்கு ஓடி, பிரியாணிக்கு வைத்திருந்த பட்டையை மாவாக அரைத்துக்கொண்டு வந்தேன். வரும்போது அவர் புது பிளேடைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கறுத்த கிழங்கைக் காட்டி, "நான் இதுலதான் இருக்கேன் பிலோமினா," என்றார். "கசாமா இருக்கு, எங்க கல்யாணத்துல மிச்சம் மீதி ஏதாச்சும் இருந்தா அதுவும் இதுலதான். அந்தப் பக்கம் அவ மட்டும் இருக்கா."

வெட்டாதீங்க என்று சொல்ல நான் யார், வெட்டுங்க என்று சொல்லவும்தான் நான் யார். அவர் கட்டிலில் கிடக்கிற அக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து அந்த நூல் வேரை அறுத்தார். பட்டைப்பொடியைப் பூசி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, பிஸ்கட் டின்னில் கடைசியாக இருந்த ஒரு பிடி ஜாம்பியா மண்ணைப் புது மணலோடு கலந்து, காய்ந்த சட்டியில் காய்ந்த மண்ணாகவே நட்டார். மூன்றாம் நாள் அக்காவுக்குச் சூடு தணிந்தது, நிமிஷத்துக்கு நாலு மூச்சு வந்தது.

அப்புறம் தெரு காத்திருந்தது. குடத்தில் தண்ணீர் எடுத்துப் போகிறவர்கள் அந்த வீடு வந்ததும் தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தார்கள், அங்கே போகிறவர்கள் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள், ஆவணியிலும் புரட்டாசியிலும் மழை வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டார்கள். சார் மறுபடி சவரம் செய்ய ஆரம்பித்தார். கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, தன் துணிமணிகளையும் எடுத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியை என் மில்லில் கொண்டுவந்து வைத்தார். எதுக்கு சார் இதெல்லாம், அக்கா எழுந்ததும் நாங்க எல்லாரும் சேந்து எடுத்துச் சொல்றோம், நீங்கதான் அதோட வீட்டுக்காரர்னு ஊரே சாட்சி சொல்லும் என்று நான் சண்டைபோட்டேன்.

"கண்ணு முழிச்ச பொம்பளகிட்ட முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் வந்து, நான் உன் புருசன், ஊரே சாட்சின்னு நின்னா அவளுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "யாரும் சொல்லக்கூடாது. எனக்காக இத மட்டும் செய்யுங்க."

இந்தத் தடவையாவது சொன்னதைக் கேட்போம் என்று தெரு ஒத்துக்கொண்டது.

கார்த்திகை ஏழாம் தேதி காலையில் மண் லேசாகப் பிளந்து பச்சை முனை தெரிந்தது. பத்து மணிக்கு அக்கா கண் விழித்தது. நானும் ஜமீலாவும் பக்கத்தில் இருந்தோம், சார் வாசல் நிலைக்கு வெளியே இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். அக்கா முகத்தில் பயம் ஒன்றும் இல்லை, புது ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினவர்கள் சுற்றிப் பார்க்கிற மாதிரி பார்த்தது. ஜமீலா தன் பெயரைச் சொல்லி, தையல்கடை என்றாள். நான், பிலோமினா, மாவு மில், உங்க செடிக்குத் தண்ணி ஊத்திக் கெடுத்தவ, மன்னிச்சிருங்க அக்கா என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டது, ஆனால் எதற்கு அழுகிறேன் என்று அதற்குத் தெரியவில்லை. பிறகு அது வாசலைப் பார்த்தது.

"நீங்க யாருங்க?"

"பேரு தணிகாசலம்ங்க. நானும் அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியாமக் கெடுத்தவன்தான். நீங்க சொல்லிக்குடுத்தா கத்துக்குவேன்."

அக்கா மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி மேடைக்குப் போயிற்று. யாரும் வழி சொல்லவில்லை. பச்சை முனையைக் குனிந்து பார்த்தது, நடுவிரலை இரண்டாம் கணுவரைக்கும் மண்ணில் விட்டு எடுத்தது, விரலை மோந்து பார்த்தது. யாருடையது என்று தெரியாத வீட்டில், முன்னப்பின்ன தெரியாத எங்கள் நடுவில், அது ஒன்று மட்டும் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இன்னிக்கு ஊத்தவேணாம்," என்றது அவரைப் பார்த்து. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க, சொல்லித்தர்றேன்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு சார் செருப்பைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுப் படியிறங்கி, என் மில்லுக்கு நடந்தார். அன்றைக்கு மாவு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். மறுநாள் ஐந்தரைக்கே குளித்து, தலைவாரி, மழைத்தண்ணீர் டிரம்மிலிருந்து ஒரு சின்னச் சொம்பில் மொண்டுகொண்டு, ஆறு அடிக்கிறவரைக்கும் பனியில் நின்றுவிட்டு, தன் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டார்.